ஈப்போ நினைவுத் தூணும் சயாம் போன நம் மக்களும்

(பேராக்கில் நம் சங்கத் தோழர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும்தான் பேச்சு இருக்கும். அது நம் கடமை. ஆனால் இன்று ஒரு கல்லைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். கல்லைப் பற்றிப் பேசித் தொழிலாளிக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்கலாம். கேட்பது நியாயமே. பேச்சு முடிவதற்குள் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்காத தோட்டத்து ஆள் பேராக்கில் அரிது. ஹப்பக் என்ற வெள்ளைக்கார அதிகாரி வரைந்து கொடுத்து, 1917-ல் கட்டி முடிந்த கட்டடம் அது. வெள்ளைக் கூம்பும் வளைவுமாக அரண்மனைபோல் நிற்கும். வெளியே வந்தால் எதிரே நகர மண்டபம். நடுவில் பூந்தோட்டம். அதில் ஓர் ஈப்போ மரம். பட்டணத்துக்குப் பெயர் கொடுத்த மரம் அதுதான். அதிலும் பால் வரும். ஆனால் அது நஞ்சுப் பால். காட்டு மக்கள் அதை ஊதுகுழல் அம்பின் முனையில் தடவி வேட்டையாடுவார்கள். இவற்றோடு ஒரு கல்தூணும் அங்கே நிற்கிறது. 1927-ல் நாட்டப்பட்டது. அதன் பெயர் போர் நினைவுச் சின்னம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அதன் நிழலில் ஒதுங்கியிருப்போம். பிள்ளைகளை அதன் படியில் உட்கார வைத்திருப்போம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

யாருக்காக எழுந்தது?

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில் உயிர் விட்ட பேராக்காரர்களின் நினைவாக இந்தத் தூண் எழுந்தது. அந்த யுத்தம் ஐரோப்பாவில் நடந்தது, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பேச்சிலேயே அதன் தழும்பு இருக்கிறது. சூதுவாது தெரிந்த ஆளைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்தியது. அடுத்த மாதம் 28-ஆம் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தது. ஒரு ரஷ்யக் கப்பலை அங்கேயே மூழ்கடித்தது. வெளியே வரும் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் முடித்தது. சென்னையும் பினாங்கும் நம் ஆட்கள் கப்பல் ஏறிய துறையும் இறங்கிய துறையும் ஆயிற்றே! யுத்தம் நம் வாசலுக்கு வந்துதான் போயிற்று.

பணத்திலும் நம் பங்கு இருந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் கஜானாவிலிருந்து பிரிட்டனுக்கு ஒரு பெரிய போர்க்கப்பலையே வெகுமதியாகக் கட்டிக் கொடுத்தார்கள். அதன் பெயரே 'மலாயா'. 1916-ல் ஜட்லாந்து கடற்போரில் அது சண்டையிட்டது. அந்தக் கஜானா ஈயத்தாலும் இரப்பராலும் நிறைந்தது. லம்பத்தில் மண் சுமந்த சீனத் தொழிலாளியும், பால்மரக் காட்டில் கத்தி பிடித்த தமிழ்த் தொழிலாளியும் சிந்திய வேர்வை அந்தக் கப்பலின் இரும்பில் கலந்திருந்தது. தைப்பிங்கில் முகாமிட்டிருந்த மலாய் மாநிலக் காவல் படையில் பெரும்பாலோர் சீக்கியர்கள். அவர்கள் ஏடன் வரை போய்ப் போரிட்டார்கள். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் வேலை பார்த்த வெள்ளைக்காரர் பலர் தங்கள் நாட்டுப் படையில் சேரக் கப்பல் ஏறினார்கள், எல்லோரும் திரும்பவில்லை.

அந்தத் துக்கத்துக்கு எழுந்த கல் இது. அதை நாம் குறை சொல்ல மாட்டோம். பெற்றவள் வயிறு வெள்ளைக்காரிக்கும் ஒன்றுதான், தமிழச்சிக்கும் ஒன்றுதான்.

உள்ளே ஒன்றும் இல்லை

இந்த மாதிரித் தூணுக்கு ஆங்கிலத்தில் செனட்டாப் என்று பெயர். அது கிரேக்கச் சொல். வெற்றுக் கல்லறை என்று பொருள். அடியில் தோண்டிப் பார்த்தால் ஓர் எலும்பும் இருக்காது. உடல் எங்கோ ஒரு சேற்றில், கடலில், அடையாளம் தெரியாத குழியில் கிடக்கிறது. அழ வேண்டிய தாய் இங்கே இருக்கிறாள். அவள் போய் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அதற்காகக் கட்டியதுதான் வெற்றுக் கல்லறை.

லண்டனில் இருக்கும் செனட்டாப்தான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1919 ஜூலையில் வெற்றி ஊர்வலத்துக்காக மரத்தாலும் சுண்ணச் சாந்தாலும் அவசரமாகக் கட்டினார்கள். ஊர்வலம் முடிந்ததும் பிரித்துவிடுவதாக ஏற்பாடு. ஆனால் ஜனங்கள் விடவில்லை. பூவும் மாலையும் கொண்டுவந்து குவித்தார்கள். கடைசியில் அரசாங்கம் அதையே கல்லில் கட்டி 1920 நவம்பர் 11 அன்று திறந்து வைத்தது. அதில் சிலுவை கிடையாது. எல்லா மதத்தவரும் செத்தார்கள், ஆகவே எந்த மதச் சின்னமும் வேண்டாம் என்று கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் முடிவு செய்தார். அதன்பின் சிங்கப்பூரில் 1922-ல் ஒன்று, பினாங்கில் 1929-ல் ஒன்று என்று இந்த வட்டாரத்திலும் எழுந்தன. நம் ஈப்போத் தூண் அந்த வரிசையைச் சேர்ந்தது.

ஆனால் தோழர்களே, செத்தவனுக்குக் கல் நாட்டுவதை வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குக் கற்றுக் கொடுத்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆநிரையை மீட்கப் போய் மடிந்த வீரனுக்கு நடுகல் நாட்டியது தமிழ்க்குடி. அதற்குரிய முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்துச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. கல்லில் வீரனின் உருவத்தை வெட்டினார்கள். பெயரையும் செயலையும் பொறித்தார்கள். மன்னனுக்கு மட்டுந்தான் என்றில்லை, மாடு மீட்ட சாதாரண ஆளுக்கும் கல் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயல்வரப்பில் இன்றும் அந்தக் கற்கள் நிற்கின்றன. சில ஊர்களில் அவற்றுக்கு எண்ணெய் தடவிப் பொங்கலும் வைக்கிறார்கள். நம் தோட்டத்துக் கோயில்களில் மதுரை வீரனுக்கும் முனியாண்டிக்கும் கல் நட்டுக் கும்பிட்டோமே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

நடுகல்லுக்கு இரண்டு இலக்கணம். ஒன்று, யார் என்று சொல்ல வேண்டும். இரண்டு, எதற்காகச் செத்தான் என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தூணின் முன்னால் போன ரயில்கள்

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை கோத்தாபாருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ விழுந்தது. கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை நான்கு நாள் கடும் போர். வெள்ளைக்காரச் சிப்பாயும், சீக்கியரும், கூர்க்காவும் குன்றின்மேல் நின்று தடுத்துப் பார்த்தார்கள். பின் சிலிம் ரிவரில் ஜனவரி 7 அன்று எல்லாம் கலைந்தது. பேராக் முழுவதும் ஜப்பான்காரன் கையில்.

அதன்பிறகு நம் பாடு என்ன ஆயிற்று என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரப்பர் வாங்க ஆள் இல்லை. மரம் சும்மா நின்றது. பெரட்டு இல்லை, கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிடித்திருந்த காலம். துணிக்குப் பதில் சாக்கு.

அந்த நிலையில்தான் ஜப்பான் படைக்குச் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஒரு ரயில் பாதை வேண்டியிருந்தது. கடல்வழியில் கப்பல்களுக்கு ஆபத்து. ஆகவே பான்போங் பக்கத்திலிருந்து மூன்று பகோடா கணவாய் வழியாகத் தான்புயுசயாட் வரை 415 கிலோமீட்டர் மலையையும் காட்டையும் வெட்டிப் பாதை போடத் துணிந்தார்கள். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரண்டு முனையும் சேர்ந்தன.

முதலில் போர்க்கைதிகளைக் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் சுமார் 60,000 பேர். சிங்கப்பூரிலிருந்து சரக்கு வண்டிகளில் அடைத்து மேற்குக்கரை ரயில் பாதை வழியே வடக்கே அனுப்பினார்கள். அந்தப் பாதை ஈப்போ நிலையத்தைக் கடந்துதான் போகிறது. அவர்கள் போதாதபோது நம்மைத் தேடி வந்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். பசித்தவன் நம்பினான். சிலர் மனைவி மக்களோடு போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை; கடிதமும் இல்லை. அதன்பின் விரும்பிப் போக ஆள் கிடைக்கவில்லை. பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை தலை என்று கணக்குக் கொடுக்க வேண்டும். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவந்து, படம் பார்க்க வந்த ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றிய சம்பவங்களும் உண்டு. இளைஞர் பலர் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். நாட்டுப்பற்று ஒரு காரணம். சயாமுக்குப் போகாமல் தப்பலாம் என்பது இன்னொரு காரணம்.

பேராக் தோட்டங்களிலிருந்து பிடிபட்டவர்களை ஏற்றிய வண்டிகளும் இந்த ஈப்போப் பாதையில்தான் வடக்கே ஓடின. அப்போது இந்தத் தூண் 15, 16 வயதுக் கல். போரில் செத்தவர்களை மறவாதே என்று சொல்லிக்கொண்டு அது நிலையத்துக்கு எதிரே நின்றது. அதன் முகத்துக்கு முன்னால், சாகப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி வண்டியாக ரயில் போயிற்று.

சாவின் கணக்கு

மலாயாவிலிருந்து போன தொழிலாளர் சுமார் 75,000 என்பது யுத்தம் முடிந்தபின் எடுத்த கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் இருந்தார்கள். பர்மியரும் ஜாவாக்காரரும் வேறு. ஆசியத் தொழிலாளர் மொத்தம் 180,000க்கு மேல். அதில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்பது மதிப்பு. போர்க்கைதிகளில் இறந்தவர்கள் 12,000க்கு மேல். கைதிகளில் ஐந்தில் ஒருவர் செத்தார். தொழிலாளரில் பாதிக்குப் பாதி செத்தார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரே காடு. ஒரே மழை. ஒரே பிரம்படி. 1943 மே மாதம் வாந்திபேதி பரவியபோது இரண்டு கூட்டத்தையும்தான் தாக்கியது. பின் ஏன் ஒருவன் பிழைத்தான், ஒருவன் செத்தான்?

கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள். சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், கழிப்புக் குழி தனியே வெட்ட வேண்டும், தட்டை வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குள் கட்டுப்பாடு இருந்தது. நோயாளியை வேலைக்கு இழுக்க வந்தால் எதிரே நின்று பேச ஒரு டன்லப் இருந்தார். அந்த ஆஸ்திரேலிய டாக்டரின் பெயரை உலகம் அறியும். தங்கள் பங்கிலிருந்து மிச்சம் பிடித்து நோயாளிக்கு முட்டை வாங்கிக் கொடுத்தார்கள். சுருங்கச் சொன்னால், சிறைப்பட்ட நிலையிலும் அவர்கள் ஓர் அமைப்பாக இருந்தார்கள்.

நம் ஆட்கள் உதிரியாகப் போனார்கள். பல தோட்டத்து ஆட்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தலைவன் இல்லை, டாக்டர் இல்லை, மருந்து இல்லை, சேர்ந்து நின்று கேட்க ஒரு குரல் இல்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். நோய் வந்தவனைக் கொட்டகையில் தள்ளிவிட்டுப் போனார்கள். உயிர் போகுமுன்பே குழிக்கு இழுக்கப்பட்டவர்கள் உண்டு என்று திரும்பி வந்த பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943-ன் நடுவில்தான் சிங்கப்பூர்க் கைதிகளிலிருந்து இரண்டு மருத்துவக் குழுக்களை இந்தத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பிணம் குவிந்துவிட்டது.

தோழர்களே, சங்கம் எதற்கு என்று நம் பிள்ளைகள் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒற்றுமை மேடையில் பேசி மறந்துவிடுகிற வார்த்தை அன்று. வாந்திபேதி வந்த காட்டில் அது கொதித்த தண்ணீராக இருந்தது.

பெயர் இருந்தவர்களும் இல்லாதவர்களும்

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரக் கைதிகளின் எலும்பைப் பாதை நெடுகத் தேடி எடுத்தார்கள். காஞ்சனபுரியில் சுமார் 7,000 பேருக்கு, சுங்காயில் 1,700க்கு மேற்பட்டவர்களுக்கு, தான்புயுசயாட்டில் 3,700க்கு மேற்பட்டவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை அமைத்தார்கள். பெயர், வயது, படைப்பிரிவு, குடும்பத்தார் சொல்ல விரும்பிய ஒரு வரி. புல்லை வெட்டி, பூச்செடி வைத்து இன்றும் பராமரிக்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். செத்தவனுக்கு மரியாதை என்றால் அதுதான்.

நம்மவர்களுக்கு? ஆளுக்கொரு கல்லறை கிடையாது. பெயர்வாரியான முழுப் பட்டியல் கிடையாது. 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் ஒரே குழியில் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளர் என்று ஊகித்தார்களே தவிர, யார் பெற்ற பிள்ளை என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். அந்தப் பாதையில் செத்தவர்களுக்கு முதலில் நினைவுத் தூண் எழுப்பியவர்கள் யார் தெரியுமா? ஜப்பான் படையினரே! 1944-ல், பாலத்துக்குப் பக்கத்தில் கட்டினார்கள். அதில் தமிழிலும் எழுதி வைத்தார்கள். வேலை வாங்கிக் கொன்றவனுக்கு நம் மொழி நினைவிருந்தது. அந்தப் பாதையின் திறப்பு நாளில் ஓடிய ரயில் எஞ்சின் தோக்கியோவில் யாசுகுனி கோயில் காட்சிச்சாலையில் துடைத்துப் பளபளவென்று நிற்கிறது. இரும்புக்குக் கிடைத்த இடம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

1967-ல் ஜப்பான், மலேசியா இரண்டு அரசாங்கங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. யுத்தகாலத் துன்பத்துக்காக இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்பில் உதவி. அது கப்பல்களாக வந்தது. கப்பல் நாட்டுக்குப் பயன்பட்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சயாமில் புருஷனைப் பறிகொடுத்து, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பால் வெட்டிய விதவையின் வாசலுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை.

அந்த வீடுகளில் இருந்த துன்பத்தைச் சொல்லவேண்டும். சாவுச் செய்தியே வராத வீடு அது. தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா? பொட்டு வைப்பதா, அழிப்பதா? இறந்த நாள் தெரியாததால் திதி எந்த நாளில்? அமாவாசையில் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் எழுந்து பார்த்தார்கள். இப்படியே முப்பது, நாற்பது வருஷம் காத்திருந்து கண்ணை மூடிய பாட்டிமார் நம் லயங்களில் இருந்தார்கள்.

கல்லும் ஆட்சியும்

நினைவுச் சின்னம் தானாக முளைப்பதில்லை. யார் கையில் அதிகாரமோ அவர்கள் விரும்பியதற்குக் கல் எழும். 1945 ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்காக நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் அந்தத் தூணை வெடிவைத்துத் தகர்த்தது. ஐம்பது வருஷம் கழித்து 1995-ல்தான் அந்த இடத்தில் ஒரு குறிப்புக்கல் வந்தது. எந்தத் துக்கம் பொதுத் துக்கம், எந்தத் துக்கம் வீட்டுத் துக்கம் என்பதை அதிகாரமே தீர்மானித்தது.

ஆனால் கல் மாறவும் செய்யும். சிங்கப்பூர்த் தூணின் ஒரு பக்கம் முதல் யுத்தம். மறுபக்கத்தில் இரண்டாவது யுத்தத்தில் இறந்தவர்களுக்கு நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். அதில் தமிழும் ஒன்று. நம் ஈப்போத் தூணும் மாறியது. முதல் யுத்தத்துக்கு என்று எழுந்த கல்லில், பின்னர் இரண்டாவது யுத்தம் சேர்ந்தது. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலம் சேர்ந்தது. சயாம்-பர்மா ரயில் பாதையில் இறந்தவர்களும் சேர்ந்தார்கள். வெள்ளைக்கார ஆட்சி தன் ஆட்களுக்கு எழுப்பிய கல்லில், கடைசியில் நம் பாட்டன்மாருக்கும் ஓர் இடம் கிடைத்தது. இது சின்ன விஷயம் இல்லை. நாட்டின் பொது இடத்தில், பட்டணத்தின் முகப்பில், சயாமில் நடந்தது உண்மை என்று ஒரு கல் சாட்சி சொல்கிறது.

அவசரகாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அது வெடித்தது. பத்துகாஜாக் கல்லறைத் தோட்டத்தில் அந்தத் துரைமாருக்கும், போலீஸ்காரர், சிப்பாய்களுக்கும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அஞ்சலி செலுத்தி வருகிறார்கள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,400க்கு மேல். அதில் மண்டோர்கள் உண்டு, கங்காணிகள் உண்டு, விடியற்காலையில் வெட்டுக்குப் போன சாதாரணத் தொழிலாளி உண்டு. முள்வேலிக்குள் லயம், இருட்டில் ஊரடங்கு, இரண்டு பக்கமும் துப்பாக்கி. நடுவில் நின்றவன் பால்வாளியோடு நின்றான்.

பேராக்கில் நினைவுக்குரியவர்கள் பலர். பாப்பான் ஊரில் மருந்துக்கடை நடத்தி, காட்டில் இருந்த ஜப்பான் எதிர்ப்புப் படையினருக்கு வைத்தியம் செய்து, கெம்பெய்தாயின் சித்திரவதையை ஏற்ற சிபில் கார்த்திகேசு அம்மையார் 1948-ல் காலமானார். அவர் பெயரில் ஈப்போவில் ஒரு சாலை இருக்கிறது. அவர் தம் கதையைப் புத்தகமாக விட்டுச் சென்றார், ஆகவே அறிகிறோம். எழுதி வைக்கத் தெரியாமல் போனவர்களை எப்படி அறிவது?

செக்ரோலில் விட்டுப்போன பெயர்

இப்போது முதலில் எழுந்த கேள்விக்கு வருகிறோம். கல்லைப் பற்றிப் பேசித் தொழிலாளிக்கு என்ன லாபம்?

பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். கிராணி செக்ரோலில் பதிவார். பெயர் பதியவில்லை என்றால், நீ நாள் முழுக்க வெட்டியிருந்தாலும் அன்றைய கூலி கிடையாது. பெயர் இல்லாதவன் வேலை செய்யாதவன் ஆகிவிடுவான். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சயாம் போன நம் மக்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். வேலை செய்தார்கள், செத்தார்கள். செக்ரோலில் பெயர் விட்டுப்போயிற்று. ரயில் பாதையில் இறந்தவர்கள் என்று தூண் பொதுவாகச் சொல்கிறது. எதற்காகச் செத்தார்கள் என்பது ஓரளவு வந்துவிட்டது. நடுகல்லின் இலக்கணத்தில் மற்றது பாக்கி. யார்?

காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த விகாரையில், 2023-ல் தமிழ்த் தொழிலாளர் நினைவாக ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது வருஷம் கழித்து வந்தாலும், வந்தது பெருமையே. அந்தக் கல்லுக்கும் ஈப்போக் கல்லுக்கும் நாம் கொடுக்க வேண்டிய கடன் பெயர்கள்தான். அரசாங்கம் கொடுக்க முடியாதது அது. எந்தச் சரித்திர ஆசிரியரிடமும் அது இல்லை. நம் வீடுகளில்தான் இருக்கிறது. அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது. போய்த் திரும்பியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் முதுமை அடைந்துவிட்டார்கள். பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. லயம் இடிந்தது, கோயில் இடம் மாறியது, ஜனங்கள் தாமான்களுக்குச் சிதறிவிட்டார்கள்.

ஆகவே மூன்று வேலைகளைக் கிளைகள் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சயாம் போனவர் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருஷம் போனார், தானாகப் போனாரா பிடித்துப் போனார்களா, திரும்பினாரா. இவ்வளவு போதும். பெண்களையும் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. இதில் கிராணிமாரின் கை வேண்டும். பெயரைப் பிழையில்லாமல் பதிவது உங்கள் தொழில். தோட்டத்துப் பழைய பேரேடு, கோயில் திருவிழா வரி நோட்டு, கல்யாண மொய் நோட்டு, எது கிடைத்தாலும் ஒத்துப் பாருங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றே குறியுங்கள். ஒன்றைப் பத்தாக்க வேண்டாம். உண்மையே போதிய அளவு கொடுமையாக இருக்கிறது.

இரண்டாவது, இந்த நாட்டில் ஜூலை 31 வீரர்கள் நினைவு நாள். அந்த வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு ஈப்போத் தூணுக்குப் போங்கள். பூ வையுங்கள். எழுதியிருப்பதைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, உங்கள் வீட்டுப் பெயரை நீங்கள் சொல்லுங்கள். அங்கே சீனரும் மலாய்க்காரரும் சீக்கியரும் வெள்ளைக்காரரும் தங்கள் ஆட்களை நினைக்க வருவார்கள். அவர்களோடு சேர்ந்து நில்லுங்கள். சயாம் காட்டில் எல்லா இனத்தவரின் எலும்பும் ஒரே மண்ணில்தான் கிடக்கிறது.

மூன்றாவது, சேர்ந்த பெயர்களைத் தொகுத்து, மாநில அரசிடமும் பழம்பொருள் காப்பகத்திடமும் முறையாக ஒப்படைக்கச் சங்கம் முயல வேண்டும். பெயர்ப் பட்டியல் கையில் இல்லாமல் கல்லில் பெயர் வெட்டு என்று கேட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். பட்டியலோடு போனால் கதவு திறக்கும். கூலி உயர்வுக்குப் போகும்போதும் நாம் கணக்கோடுதானே போகிறோம்?

தோழர்களே, லாபம் என்ன என்று கேட்டீர்கள். தன் முன்னோர் எங்கே செத்தார்கள் என்று தெரியாத ஜனம், இந்த நாட்டில் நேற்று வந்தவனாகவே நடத்தப்படும். இந்த நாட்டின் யுத்தத்தில், இந்த நாட்டு ஜனமாக, பேராக் மண்ணிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு உயிர் விட்டவர்களின் சந்ததி நாம். அதற்குச் சாட்சி ஈப்போவில் கல்லாக நிற்கிறது. அந்தச் சாட்சிக்குப் பெயர் சொல்லிக் கொடுக்கும் வேலை நம்முடையது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பெயரோடு வாருங்கள். நம் கையாலேயே செக்ரோலில் ஏற்றுவோம்.